சின்னவனின் கசம் பரேடும் சில பெயர்களும்

வெள்ளி, அருவங்காடு

காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது இரவு பதினொன்று இருக்கும். அண்ணன், அண்ணி, நான். அண்ணி கையில் இரண்டு பை நிறைய முறுக்கும் அதிரசமும். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் பயிற்சி முடிக்கும் அண்ணன் மகனுக்கு நாளைக்குக் கசம் பரேடு, அதாவது சத்தியப்பிரமாணம். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அவன் பெயரை எழுதக் கூடாது, முகம் தெரிகிற படம் போடக் கூடாது என்று போனிலேயே உத்தரவு போட்டுவிட்டான். "அத்தை, உங்க கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்" என்றான். சரி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி சின்னவன் என்றே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் "பையன் மிலிட்டரியா?" என்று கேட்கிற ஊர்தான். அண்ணன் பெங்களூர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற சாப்பர் வேலை. மகன் காலாட்படைக்குப் போனதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் மனக்குறை. "சாப்பர் வீட்டுப் பையன் இன்ஃபன்ட்ரிக்குப் போயிட்டான்" என்று ஜோலார்பேட்டை வரை புலம்பினார். பிறகு குறட்டை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. எப்போது கிடைத்திருக்கிறது? பஸ்தான். கல்லாறு பாக்குத் தோப்புகள், பர்லியாறு, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அண்ணி கண்ணை மூடிக்கொண்டே வந்ததால் அவருக்கு மட்டும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு மேலே கூடாது என்பதால் கீழேயே எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டோம்.

அருவங்காட்டில் ஒரு மாடி அறை. வீட்டுக்காரர் இங்கே இருக்கிற கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூறு வருஷத்துக்கு மேல் பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளுகிற மருந்து இங்கேதான் தயாராகிறது. மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனில் தேயிலையைப் படம் எடுப்பார்கள், ஃபேக்டரியை யாரும் பார்ப்பதில்லை. எடுக்கவும் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவருடைய அப்பாவும் அதே ஃபேக்டரிதானாம். "எழுபத்தொண்ணு சண்டையப்போ அப்பா ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதே அபூர்வங்க. வந்தாலும் தூக்கம், மறுபடி ஷிப்ட். சண்டை ஜெயிச்சப்போ ஸ்கூல்ல மிட்டாய் கொடுத்தாங்க. அப்பாவுக்கு ரெண்டு நாள் லீவு கொடுத்தாங்க, அதான் எங்களுக்குப் பெருசு" என்றார். 2021 அக்டோபரில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை எல்லாம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்களே, அதில் இந்த ஃபேக்டரியும் ஒன்றின் கீழே போய்விட்டது. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். எனக்கு ஆறிவிட்டது. வர்க்கி மட்டும் சூடு.

சனி, வெலிங்டன்

விடியற்காலை புல் மேல் உறைபனி. அண்ணி பட்டுப்புடவைக்கு மேல் அண்ணனுடைய பழைய மிலிட்டரி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. கேட்டில் நின்ற பெற்றோர்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். குண்டூர், கொல்லம், ஹாசன், தேனி. அடையாள அட்டை பார்த்து, பை பார்த்து, போனை அணைக்கச் சொல்லி உள்ளே விட்டார்கள். தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் தமிழும் ஒரே வரிசையில் நின்று 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்டுக்கொண்டிருந்தன.

மைதானத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பேண்டு வாத்தியம், பூட்ஸ் சத்தம், வரிசை கோணாத அணிவகுப்பு, எல்லாம் டிவியில் பார்த்ததுதான். டிவியில் தெரியாத ஒன்று உண்டு. இத்தனை பையன்களில் நம் பையன் எவன் என்று தெரியாமல் பெற்றவர்கள் தவிக்கிற தவிப்பு. எல்லாருக்கும் ஒரே தலை, ஒரே உடுப்பு, ஒரே நடை. பக்கத்தில் இருந்த தேனி அம்மா ஒருவனைக் காட்டி "அவன்தான், அவன்தான்" என்று அழுதார். கிட்டே வந்ததும் அவன் இல்லை. அழுகையை நிறுத்தாமலே அடுத்தவனைத் தேடினார். அண்ணன் மட்டும் சரியாகக் கண்டுபிடித்தார். "இடது கை கொஞ்சம் கம்மியா வீசறான் பாரு. சின்ன வயசுல மாமரத்துல இருந்து விழுந்தது."

தேசியக் கொடி முன்னால் வந்தது. அந்தந்த மதத்துப் பெரியவர்கள் கீதை, பைபிள், குரானோடு நின்றார்கள். உப்பு உட்கொண்டு உறுதிமொழி. தரை, கடல், வானம், எங்கே அனுப்பினாலும் போவேன், உயிரே போனாலும் போவேன் என்று பதினெட்டு, பத்தொன்பது வயசுக் குரல்கள். உப்பைப் பார்த்ததும் எனக்கு 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் நினைக்கட்டும், நல்லது. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்று பார்த்தால் இதில் யார் யாருக்கு உப்பிட்டவர் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

முடிவில் ரெஜிமென்ட்டின் போர்முழக்கம். "வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு!" அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட அம்மாவைக் கூப்பிடுகிற பையன் அது.

அப்புறம் பெற்றோர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பதக்கம் அணிவித்தார்கள். அண்ணன் தன் சர்வீஸ் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பதக்கம் புதிதில்லை. அண்ணிக்கு அது முதல் பதக்கம். அண்ணன் எல்லையில் இருந்த வருஷங்களில் மாமியாரையும் மாட்டையும் இரண்டு பிள்ளைகளையும் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர் அவர். குத்தியது கோணலாக இருக்கிறதென்று மகன் நேராக்கப் போனான். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

சின்னவனைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. உதடு வெடித்து, கன்னத்தில் குளிர் கருக்கியிருந்தது. உள்ளங்கையில் கயிறு ஏறிய காய்ப்பு. அதிரசத்தை இரண்டே கடியில் விழுங்கினான். யாரோ ஒரு உஸ்தாத் தூரத்தில் கடந்து போக, வாயில் அதிரசத்தோடு விறைப்பாக எழுந்து நின்றான். பயிற்சி கொடுக்கிற வாத்தியாரை இங்கே உஸ்தாத் என்கிறார்கள். நானும் வாத்தியார்தான். இருபது வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு பிள்ளை எழுந்து நின்றதில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்த பிறகு அண்ணனோடு ஒரு வாக்குவாதம். ரெஜிமென்ட்டின் சின்னத்தில் ஒரு யானை இருக்கிறது. 1758இல் தொடங்கிய படை, நாட்டிலேயே பழைய காலாட்படை ரெஜிமென்ட் என்பதில் எல்லாருக்கும் பெருமை. அந்த யானை 1803இல் அசாயே சண்டையில் கிடைத்தது. யாருக்காகச் சண்டை? கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. யாரை எதிர்த்து? மராத்தியரை. படைத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர். ஜக்கதளா என்று இருந்த இந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் அவர் பெயர்தான். ஊர்ப் பெயரும் தொப்பியில் இருக்கிற யானையும் ஒரே தளபதியால் வந்தவை.

அசாயே நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, எங்கள் வேலூர்க் கோட்டையில் அதே மதராஸ் சிப்பாய்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்கள். 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி கூடாது, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று என்றதில் பற்றிய தீ. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினான். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். எழுந்த படைப்பிரிவுகளின் எண்களான 1, 23 இரண்டையும் பட்டியலிலிருந்தே அடித்தார்கள். மக்கான் சிக்னலில் நிற்கிற நினைவுத்தூணை நான் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன்.

"அப்போ எந்தச் சிப்பாய் நம்ம சிப்பாய்? யானை வாங்கினவனா, பீரங்கியில கட்டப்பட்டவனா?" என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரன். ஒருத்தனுக்குச் சம்பளம் வந்தது, இன்னொருத்தனுக்குக் கோபம் வந்தது" என்றார். பிறகு, "இப்போ சண்டை நமக்காக. அந்த வித்தியாசம் எனக்குப் போதும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

இந்த ரெஜிமென்ட்டையே வெள்ளைக்காரன் 1920களில் கலைத்திருக்கிறான். செலவுக் கணக்கு ஒரு காரணம். தெற்கத்தியான் 'போர்க்குணம்' உள்ள இனம் இல்லை என்கிற நினைப்பு இன்னொன்று. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் போதாமல் திண்டாடியபோது அதே தெற்கத்தியானைக் கூப்பிட்டுத் திரும்ப எழுப்பினான். குணம் அதற்குள் எங்கிருந்து முளைத்தது என்று கேட்க ஆளில்லை.

ஞாயிறு, ஊட்டி

சின்னவனுக்கு இன்று வெளியே வர அனுமதி. ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று அண்ணி பட்டியல் போட்டார். அவன் "மானெக்ஷா சார் சமாதிக்குப் போகலாமா?" என்றான். பூங்காவுக்கும் போனோம். அதை எழுத ஒன்றுமில்லை, கூட்டம்.

வழியில் பஸ்ஸிலிருந்தே வெலிங்டனில் அவர் பெயர் வைத்த பாலத்தையும், பக்கத்தில் 2014இல் வைத்த கருங்கல் சிலையையும் காட்டினான். மற்ற ஊர்களில் தலைவர் சிலையைப் பார்த்தால் அது எந்தக் கட்சி என்று கேட்போம். இங்கே கண்டக்டரே "நம்ம சாம் சார்" என்கிறார். சாம் மானெக்ஷா, 1973இல் ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்ட் மார்ஷல் ஆகி, தளபதி பதவி முடிந்ததும் குன்னூரில் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்ட மனிதர். காய்கறி வாங்கப் போன இடத்தில் பேசினார், நாயோடு நடந்தார் என்று இந்தப் பக்கத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எத்தனை நிஜம் என்று நான் தோண்டவில்லை.

பார்சிகளின் கல்லறைத் தோட்டம் சின்னது. பார்சிகள் வழக்கமாக இறந்தவர்களைப் புதைப்பதில்லை என்று படித்திருக்கிறேன். அதற்கான அமைதிக் கோபுரம் இல்லாத ஊர்களில் இப்படித்தான். மனைவி சில்லூ 2001இல் போனார், அவர் பக்கத்திலேயே 2008இல் இவரும். ஜூன் 27, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94 வயதில். 1971இல் பதின்மூன்று நாள் போரில் பாகிஸ்தானின் கிழக்குப் படையைச் சரணடைய வைத்து, 93,000 பேரைக் கைதியாக்கி, வங்கதேசம் என்றொரு நாடு பிறக்கக் காரணமான தளபதி. அவருடைய இறுதிச் சடங்குக்கு மத்திய அரசிலிருந்து வந்தவர் பாதுகாப்புத் துறை இணையமைச்சர். குடியரசுத் தலைவர் இல்லை, பிரதமர் இல்லை. தேசிய துக்கமும் கிடையாது. இதை அண்ணன் சொல்லும்போது இன்னும் குரல் உயர்கிறது.

எனக்கு அதைவிட உறுத்தியது சம்பளப் பாக்கி. ஃபீல்ட் மார்ஷல் ஓய்வு பெறுவதில்லை, சாகும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு, முழுச் சம்பளம் உண்டு. அது அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் வரவே இல்லை. 2007இல் அப்துல் கலாம் வெலிங்டன் மருத்துவமனையில் போய் அவரைப் பார்த்த சமயத்தில்தான் விஷயம் நகர்ந்து, ஒரு கோடிக்கு மேல் நிலுவை காசோலையாக வந்து சேர்ந்தது. படுக்கையில் கிடந்தவர் கையில். ஃபீல்ட் மார்ஷலுக்கே இந்த நிலைமை என்றால் ஹவில்தார் விதவையின் ஃபைல் எந்த மேஜையில் தூங்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். ஊரில் அவர்தான் எல்லாருக்கும் மனு எழுதித் தருகிறவர். ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் உட்கார்ந்தபோது இவரும் ஒரு வாரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறவர்கள் ஆகஸ்ட் 16இல் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டால், மிட்டாயே வேண்டாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

சின்னவன் சமாதி முன்னால் சல்யூட் அடித்துவிட்டு எங்களுக்கு ஒரு கதை சொன்னான். கிளாஸில் சொன்னார்களாம். 1942, பர்மா, சித்தாங் ஆற்றுப் பக்கம் ஜப்பான்காரர்களோடு சண்டை. இளம் கேப்டன் மானெக்ஷாவின் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள். பிழைக்கமாட்டார் என்று நினைத்த ஜெனரல் கோவன், தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்தினார். செத்தவருக்கு அந்தப் பதக்கம் தரமாட்டார்கள் என்பதால் அவசரம். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரியும்.

"அவரைத் தூக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட சேர்த்தது யாருன்னு தெரியுமா அத்தை?"

தெரியாது என்றேன்.

"ஆர்டர்லி. ஷேர் சிங்."

ஷேர் சிங் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்தால் 1971 எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஷேர் சிங்குக்கு எங்காவது பாலம் இருக்கிறதா?

திங்கள், நஞ்சப்பசத்திரம்

சின்னவனுக்கு லீவு தொடங்கிவிட்டது. டிரங்குப் பெட்டியோடு அறைக்கே வந்துவிட்டான். இரவு ரயில் என்பதால் பகல் முழுக்க இருந்தது. குன்னூரிலிருந்து காட்டேரிப் பக்கம் ஆட்டோ பிடித்தோம்.

2021 டிசம்பர் 8. அன்று எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது, ஸ்டாஃப் ரூமில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 11.48க்குக் கிளம்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர். 12.15க்கு வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் படிக்கிற பணியாளர் கல்லூரியில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூரோடு தொடர்பு அறுந்தது. மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துபோன சுற்றுலாக்காரர்கள் போனில் எடுத்த சில நொடி வீடியோவில், ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மறைவதையும் அதற்குப் பிறகு வருகிற சத்தத்தையும் எல்லாரும் பார்த்தோம். விழுந்த இடம் இந்தக் குடியிருப்புக்குப் பக்கத்துச் சரிவு.

நெருக்கமான சின்ன வீடுகள், நடுவில் படிக்கட்டு, சுற்றிலும் தேயிலை. அதுதான் ஊர். பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அண்ணி பேச்சுக் கொடுத்தார். மகன் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறான் என்றதும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சின்னவன் கன்னத்தைத் தடவினார்.

"மரம் முறியற சத்தம்தான் மொதல்ல கேட்டுச்சும்மா. அப்புறம் டமார்னு. ஓடிப் பார்த்தா நெருப்பு. யாரு வந்தாங்க, பெரிய ஆபீசரா, என்னான்னு எங்களுக்கு என்ன தெரியும். குடம், பக்கெட்டு, அண்டா, கையில கெடைச்சதுல தண்ணி கொண்டு ஓடுனோம். கிட்டவே போக முடியல, அப்படிச் சூடு. தீயணைப்பு வண்டி இந்தச் சந்துல எப்படி வரும்? தூக்கிட்டுப் போக ஒண்ணும் இல்ல. வீட்டுல இருந்த போர்வை, கம்பளி எல்லாம் எடுத்துக் கொடுத்துட்டோம்."

"திருப்பி வாங்கினீங்களா?" என்று கேட்டது நான்தான். வாத்தியார் புத்தி.

"அதை யாரு வாங்குவா?" என்றார். டிசம்பர் மாதம், நீலகிரியில், வீட்டில் இருந்த கம்பளியைக் கொடுத்தவர்கள் அன்று ராத்திரி எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிற்பாடு ராணுவம் வந்து நன்றி சொல்லி, போர்வையும் பொருளும் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு ஊரைத் தத்தெடுத்துக்கொண்டதையும் மாசாமாசம் மருத்துவ முகாம் போட்டதையும் அவரே சொன்னார். "டாக்டருங்க நல்லா பார்த்தாங்க. எனக்கு மூட்டுவலி மாத்திரை அவங்க கொடுத்ததுதான் கேட்டுச்சு."

மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு உடல்களை எடுத்துப் போனபோது சாலை நெடுக சனம் நின்று பூப்போட்டது. அதுவும் டிவியில் பார்த்ததுதான். பூப்போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை, இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது அந்த அண்டாவும் பக்கெட்டும்தான். உள்ளே இருப்பது யார், எந்தப் பதவி, எந்த ஊர், ஒன்றும் தெரியாமல் ஓடியிருக்கிறார்கள்.

2022 ஜனவரியில் விசாரணைக் குழு சொன்னது: எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசை தடுமாறிவிட்டது, இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை. அந்த அம்மாவுக்கு அதெல்லாம் அக்கறையில்லை. "மேகம் எறங்குச்சுன்னா எங்களுக்கே எதிர்வூடு தெரியாது" என்று முடித்துவிட்டார்.

அண்ணி திடீரென்று கேட்டார். "ராவத்தும் அவரு சம்சாரமும் தெரியும். மத்தவங்க பேரு என்ன?"

எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியவில்லை. சின்னவனுக்கு நாலைந்து தெரிந்தது. 'பிபின் ராவத் உள்பட' என்றே படித்திருக்கிறோம், அந்த 'உள்பட'வுக்குள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். செங்கம் பக்கம் எங்கள் மாமா ஊருக்குப் போகும்போதெல்லாம் நடுகற்கள் பார்ப்போம். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர், அவன் யாருடைய ஆள், எந்த ராஜா காலம், எல்லாம் கல்லில் இருக்கும். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்கு. அவனோடு நின்ற நாய்க்கும் சேர்த்து உருவம் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது, நாய் பெயர் நமக்குத் தெரியும். அதே எங்கள் பக்கத்தில் 1914–19 போருக்கு வெள்ளைக்காரன் வைத்த பலகைக்கல்லும் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எண் மட்டும். யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரிலேயே சொல்ல ஆளில்லை.

சரி என்று போனை எடுத்துத் தேடி, அந்தப் பைப்படியிலேயே உட்கார்ந்து வாசித்தேன். ஜெனரல் பிபின் ராவத். மதுலிகா ராவத். பிரிகேடியர் லிட்டர். லெப்டினன்ட் கர்னல் ஹர்ஜிந்தர் சிங். விங் கமாண்டர் சௌகான். ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப். ஹவில்தார் சத்பால் ராய். நாயக் குர்சேவக் சிங். நாயக் ஜிதேந்தர் குமார். லான்ஸ் நாயக் விவேக் குமார். லான்ஸ் நாயக் சாய் தேஜா. ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்த குரூப் கேப்டன் வருண் சிங். பதினான்கு.

பிரதீப் திருச்சூர்க்காரர். சாய் தேஜா அப்போதைய சித்தூர் மாவட்டம். "சித்தூரா?" என்று அண்ணி நிமிர்ந்தார். எங்கள் ஊரிலிருந்து சித்தூருக்கு டவுன் பஸ் மாதிரி பஸ் ஓடுகிறது. கல்யாணச் சேலைக்கு வேலூருக்கு வருகிற ஊர் அது. "பக்கத்தூட்டுப் புள்ளைய நாலு வருஷமா பேர் தெரியாம இருந்திருக்கோம்" என்றார். அந்த அம்மாவும் வாய்க்குள் 'சாய் தேஜா' என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் மட்டும் பதவிகளைக் கவனித்திருந்தார். "ஹவில்தார், நாயக், லான்ஸ் நாயக். எங்க ஆளுங்க" என்றார்.

கிளம்பும்போது மீதியிருந்த முறுக்கு முழுக்க அந்த வீட்டுக்குப் போய்விட்டது. பதிலுக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூள். காசு வாங்கமாட்டேன் என்று சண்டை போட்டார், அண்ணியும் விடவில்லை, அந்தச் சண்டையில் அண்ணி தோற்றார்.

திங்கள் இரவு, ரயிலில்

மேல் பெர்த்தில் அண்ணனும் சின்னவனும் கிசுகிசுவென்று பேசிக்கொள்கிறார்கள். சின்னவன் சேர்ந்திருப்பது அக்னிவீராக. அக்னிவீர் என்றால் நாலு வருஷம். அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். மீதிப் பேர் ஒரு தொகையோடு வீட்டுக்கு, பென்ஷன் கிடையாது. அண்ணன் பென்ஷனில்தான் இந்தப் பையனே படித்தான். "நாலு வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்பா" என்கிறான் அவன். "அப்போ பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது, இப்பவே டிகிரிக்குத் தபால்ல கட்டு" என்கிறார் இவர். இந்த விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். உயிரைக் கொடுக்கிறேன் என்று உப்பின் மேல் சத்தியம் வாங்குகிறவர்கள் அவன் இருபத்துமூன்று வயதில் என்ன செய்வான் என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அண்ணியின் வேலை வேறு. பரேடு அன்றே மகனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவனோடு படுத்து எழுந்த பையன்கள் எல்லாருடைய பெயர், ஊர், அம்மா போன் நம்பர் எழுதி வாங்கியிருக்கிறார். இங்கிலீஷில் கிறுக்கியிருக்கிறான். அதை நான் தமிழில் அவர் போனில் ஏற்றித் தர வேண்டும். பிரவீன் மட்டும் மூன்று பேர், கடப்பா ஒருவன், பாலக்காடு ஒருவன், சிவகங்கை ஒருவன். குண்டூர் அம்மாவுக்குத் தமிழ் வராது, அண்ணிக்குத் தெலுங்கு அரைகுறை, ஆனாலும் ஈரோடு வருவதற்குள் இரண்டு தடவை பேசிவிட்டார்கள். காட்பாடிக்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டுமாம், தூங்கக் கூடாதாம். இன்னும் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் "மஞ்சுநாத் வீட்டு நம்பர்ல ஒரு எண் கொறையுது, அவனை எழுப்பிக் கேளு" என்கிறார்.